பதினேழாம் நம்பர் ரோஜா

மார்ஜரி ஹோல்ராய்டுக்கு வெள்ளிக்கோப்பை கிடைத்த செய்தியை எனிட் பத்திரிகையில்தான் படித்தாள். தபால் ஆபீசுக்கு மேலே அவள் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில், ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை இரண்டு தரம் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். படத்தில் மார்ஜரி புதுத் தொப்பி வைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றாள். கையில் கோப்பை. பக்கத்து ஜாடியில் ஒரே ஒரு ரோஜா. "பட்டணத்து ஜூலை மலர்க் கண்காட்சியில் முதல் பரிசு பெற்ற புதிய ரகம். உருவாக்கியவர்: திருமதி மார்ஜரி ஹோல்ராய்ட், ஆக்கன்ஷா."

பத்திரிகையில் படம் கறுப்பு வெள்ளை. ஆனாலும் அந்தப் பூவின் நிறம் எனிட்டுக்குத் தெரியும். மொட்டில் ஆரஞ்சுத் தோல் நிறம், விரிய விரிய வெண்ணெய் நிறம், உதிரும் நாளில் ஓரங்களில் ஒரு சிவப்பு. அவள் பெற்ற பூ அது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஒரு ரோஜாவின் மகரந்தத்தை ஒட்டக மயிர்த் தூரிகையால் எடுத்து இன்னொன்றின் மேல் தடவி, காகிதப் பை கட்டி, காய் பழுக்கும்வரை காத்திருந்து, விதையை ஈர மணலில் ஒரு குளிர்காலம் வைத்து, முளைத்தவற்றில் முந்நூறைப் பிடுங்கி எறிந்து மிச்சம் வைத்த ஒன்று. விதைத் தட்டில் அது நின்ற இடம் பதினேழு. வேறு பேர் வைக்க அவளுக்கு நேரமே வாய்க்கவில்லை. பதினேழு, பதினேழு என்றே கூப்பிட்டுப் பதினோரு வருஷம் போய்விட்டது.

நடுவில் உலகப் போர் வந்தது. புல்வெளியைக் கொத்தி உருளைக்கிழங்கு போடச் சொன்ன அதிகாரியிடம், "தாராளமா போடுங்க, அந்த மூலையை மட்டும் தொட்டீங்கன்னா மண்வெட்டி உங்க கால்ல விழும்" என்று சொன்னவள் எனிட். போர் முடிந்த கையோடு அந்தப் பாழாய்ப்போன பனிக்காலம் வந்து, பதினேழிலிருந்து அவள் ஒட்டுக்கட்டி வைத்திருந்த இரண்டு கன்றுகளையும் கருக்கிவிட்டது. தாய்ச்செடி மட்டும் தப்பியது. அதே குளிரில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். உயிலில் வீடும் தோட்டமும் தம்பி கிளிஃபர்டுக்கு. அப்பாவுக்கு இருபது வருஷம் கஞ்சி ஊற்றியவளுக்குச் சுவர்க் கடிகாரம். அந்தக் காலத்து அப்பாக்களுக்கு இப்படித்தான் எழுத வரும், அதைப் பேசிப் பயனில்லை.

கிளிஃபர்ட் லீட்ஸ் நகரத்தில் இன்ஷூரன்ஸ் குமாஸ்தா. மண்வெட்டியின் எந்தப் பக்கம் மண்ணில் இறங்கும் என்று அவனைக் கேட்டால் யோசிப்பான். அவன் பெண்டாட்டி மார்ஜரி கெட்டிக்காரி. குடிவந்த மூன்றாம் வாரமே தேவாலயச் சபைப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர் ஆனாள். நாத்தனாரிடம் தேனாகப் பேசினாள். "சனிக்கிழமை சனிக்கிழமை வந்துட்டுப் போ, எனிட். ரோஜாவைப் பார்த்தா உனக்கும் ஆறுதலா இருக்கும்" என்றாள். தபால் ஆபீசுக்குப் பின்னால் கருங்கல் பாவிய முற்றம்தான், ஒரு பிடி மண் கிடையாது. ஆகவே எனிட் சனிக்கிழமைதோறும் தன் சொந்தத் தோட்டத்துக்குக் கூலியில்லாத தோட்டக்காரியாகப் போய்வந்தாள். சம்பளம் ஒரு கோப்பை டீ. சர்க்கரை அரைக் கரண்டி. ரேஷன் காலம், சரி. ஆனால் மார்ஜரி தன் கோப்பையில் ஒன்றரை போட்டுக்கொள்வதை எனிட் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள்.

பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு எனிட் நேராக அங்கே போனாள். மார்ஜரி வாசலிலேயே நின்றாள். கோப்பை ஹால் மேடையில் பளபளவென்று இருந்தது.

"உருவாக்கியவர்னு போட்டிருக்கு" என்றாள் எனிட்.

"பத்திரிகைக்காரங்க என்னத்தையாவது எழுதுவாங்க. ஃபாரத்துல பேரு எழுதச் சொன்னாங்க, எழுதினேன். செடி யார் தோட்டத்துல இருக்கு?"

"மார்ஜரி, அது என்னோடது."

"வீடு எங்களோடது, மண்ணு எங்களோடது, அதுல முளைச்சது மட்டும் உன்னோடதா? நல்ல நியாயம்! உன்னை யாரு இங்க வரவேண்டாம்னு சொன்னா? வந்துட்டுப் போயிட்டுத்தானே இருக்கே? வாரா வாரம் டீ குடுக்கலையா நான்?"

உள்ளேயிருந்து கிளிஃபர்ட் குரல் கொடுத்தான். "விட்டுத் தொலை எனிட், ஒரு பூவுக்கா இந்த ரகளை? குடும்பத்துக்குள்ளதானே இருக்கு."

எனிட் பத்திரிகையை மறுபடி மடித்தாள். திரும்பி நடந்தாள். திட்டினால்கூட ஆறிவிடும். அந்த டீயைச் சொல்லிக் காட்டினாளே, அது ஆறவில்லை. மூன்று சனிக்கிழமை போகவில்லை. நான்காவது சனிக்கிழமை கத்திரியும் கையுறையுமாக வந்து நின்றாள். ஊரில், "பாவம், முழுங்கிட்டா" என்றார்கள். முழுங்கவில்லை. வாயில் அடக்கி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

நவம்பர் வந்தது. ரோஜாவை இடம் மாற்ற அதுதான் மாதம். இலை உதிர்ந்து செடி உறங்கப் போயிருக்கும், மண்ணில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். அந்தச் சனிக்கிழமை மார்ஜரி கம்பளிக் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள்.

"எனிட், பெரிய நர்சரிக்காரர் ஒருத்தர் வர்றார். மிஸ்டர் பிக்கர்ஸ்கில். கண்காட்சியில பூவைப் பார்த்து மயங்கிட்டார். ஜூன் மாசம் முதல் பூப்புல தாய்ச்செடியைப் பார்க்கணுமாம். பிடிச்சிருந்தா நாடு பூரா விற்பாங்களாம், என் பேரையே வெச்சு! அவரைக் கரிக் கொட்டகைக்கும் துணிக்கொடிக்கும் நடுவுல கூட்டிட்டுப் போய் நிறுத்த முடியுமா, சொல்லு? வாசல் பக்கம் மாத்தணும்."

"வாசல்ல எங்க?"

"சுவரோரம். வெயில் நல்லா விழுது. அங்க இருந்த பழைய சிவப்பு ரோஜாவையெல்லாம் கிளிஃபர்டை வெச்சுப் பிடுங்கியாச்சு."

எனிட் போய்ப் பார்த்தாள். அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் வைத்த ஆறு சிவப்பு ரோஜாக்கள் வேரோடு குப்பைமேட்டில் கிடந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மண்ணைத் தின்றவை. பாத்தி காலியாக, கறுப்பாக, பார்க்க அழகாக இருந்தது.

ஆக்கன்ஷாவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும், ரோஜா நெடுநாள் நின்ற மண்ணில் இன்னொரு ரோஜாவை வைக்கக் கூடாது. சலித்த மண் என்பார்கள். கோஸ் போடு, வெங்காயம் போடு, காடாய் வளரும். ரோஜாவை வைத்தால் மட்டும் கோபித்துக்கொள்ளும். வேர் ஓடாது, செடி வளராது, நின்ற இடத்தில் நின்று மெலிந்து சாகும். வைத்தே தீரவேண்டும் என்றால் முழங்கால் ஆழத்துக்குப் பழைய மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, காய்கறிப் பாத்தி மண்ணைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். இது புத்தகம் படித்து வருகிற அறிவு இல்லை. அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் தெரியாதவன் ஒருத்தன் இருப்பான் என்றே யாருக்கும் தோன்றாது.

மார்ஜரிக்குத் தெரியாது. லீட்சில் மூன்றாம் மாடியில் வளர்ந்தவள். கிளிஃபர்ட் இந்த ஊரில் பிறந்தும் இதையெல்லாம் காதில் வாங்காதவன்.

எனிட் அந்தக் காலிப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாக்கியம் போதும். "இங்க வேண்டாம், மார்ஜரி, மண்ணு சலிச்சுப் போச்சு." நாக்கின் நுனிவரை வந்தது. பின்னால் மார்ஜரியின் குரல் கேட்டது. "என்ன யோசனை? சொன்ன வேலையைச் செய்யேன், இருட்டறதுக்குள்ள முடியணும். டீ போட்டு வைக்கிறேன்."

நாக்கு உள்ளே போய்விட்டது.

அதன்பிறகு எனிட் செய்த வேலையில் ஒருவனும் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது. பதினேழின் கிளைகளைப் பாதியாகக் கழித்தாள். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டம் போட்டு, தீட்டிய மண்வெட்டியால் வேரைச் சிதைக்காமல் அறுத்து, அடிமண்ணோடு நெம்பி எடுத்து, ஈரக் கோணியில் சுற்றித் தள்ளுவண்டியில் ஏற்றினாள். சுவரோரம் அகலமாகக் குழி வெட்டி எலும்புத்தூள் உரம் தூவினாள். வேர்களைக் கைவிரல் விரிப்பதுபோல் விரித்துவிட்டாள். வேர்க்கழுத்து மண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை இருக்கும்படி நிறுத்தி, வெட்டிப்போட்ட அதே மண்ணைத் தள்ளிக் குதிகாலால் மிதித்து இறுக்கினாள். மிதிக்கும்போது கண் நிறைந்தது. குளிர்காற்று என்று சொல்லிக்கொண்டாள். கழித்த குச்சிகளைப் பொறுக்கி இலைக் குவியலோடு சேர்த்துக் கொளுத்தினாள். பதினேழு குச்சியிலிருந்து வேர்விடும் ஜாதி இல்லை, ஆனாலும் மார்ஜரிக்கு ஒரு துண்டு மிஞ்சக் கூடாது.

மார்ஜரி வந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். "அழகா இருக்கு. இன்னும் ஏதாவது செய்யணுமா?"

கேட்டுவிட்டாள், வாயைத் திறந்து கேட்டேவிட்டாள். எனிட் கையுறையைக் கழற்றினாள்.

"ஒண்ணும் வேண்டாம். நீ சொன்ன இடத்துலயே வெச்சாச்சு."

வசந்தம் வந்தது. ஊரிலுள்ள ரோஜாவெல்லாம் சிவந்த துளிர் விட்டு முழங்கை உயரம் கிளம்பியது. பதினேழு நாலு இலை விட்டது, அதிலும் இரண்டு மஞ்சள். "ஏன் இப்படி உம்முனு நிக்குது?" என்று மார்ஜரி சனிக்கிழமைதோறும் நச்சரித்தாள். "இடம் மாறினா ஒரு வருஷம் கோவிச்சுக்கும்" என்றாள் எனிட். மார்ஜரி குதிரைச் சாணம் போட்டாள், டீத்தூள் போட்டாள், பாத்திரம் கழுவின நீரை ஊற்றினாள். செடி இன்னும் சுருங்கியது. எனிட் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். மூக்கைச் சிந்திவிட்டு, மார்ஜரியின் முகத்தில் படிந்திருந்த கவலையை நினைத்துப் பார்ப்பாள். உடனே பசிக்கும், நன்றாகச் சாப்பிடுவாள்.

ஜூன் பதினெட்டு. பெட்ரோலுக்கு ரேஷன் என்பதால் மிஸ்டர் பிக்கர்ஸ்கில் பஸ்ஸில்தான் வந்தார். எழுபது வயது, பழுப்பு கோட்டு, நகக்கண்ணெல்லாம் மண். மார்ஜரி சபைப் பெண்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, வாசலில் மேஜை போட்டு, விருந்துத் துணி விரித்து, ஒரு மாத ரேஷன் வெண்ணெயைக் கேக்கில் கொட்டியிருந்தாள். செடி நோஞ்சானாக இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு மொட்டு இருந்தது. கொண்டைக்கடலை அளவு. ஒரு மொட்டு போதும், பேசிச் சமாளிக்கலாம் என்று இருந்தாள். எனிட்டை டீ பரிமாறச் சொல்லியிருந்தாள்.

கிழவர் செடியின் முன்னால் மண்டியிட்டார். ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தார்.

"இங்க முன்னாடி என்ன இருந்துச்சு, அம்மா?"

"ரோஜாதான்!" என்றாள் மார்ஜரி பெருமையாக. "என் மாமியார் வெச்சது. முப்பது வருஷமா ஜோரா பூத்த இடம். அதனாலதான் நானே பார்த்துப் பார்த்து இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்."

மேஜையில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். சபைப் பெண்களில் ஒருத்தியான மிசஸ் ஆக்ராய்ட் கேக்கை வாயருகே வைத்தபடி அப்படியே நின்றாள்.

"மண்ணை மாத்தினீங்களா?"

"எதுக்கு மாத்தணும்? அருமையான மண்ணு."

கிழவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். குரலை உயர்த்தவே இல்லை. "இந்த ரோஜாவுக்குத் தாய் எது, தகப்பன் எது?"

"என்னது?"

"எதோட எதைச் சேர்த்து இதை உருவாக்கினீங்கன்னு கேட்டேன்."

மார்ஜரி திரும்பினாள். கிளிஃபர்டைப் பார்த்தாள். கிளிஃபர்ட் தன் ஷூவைப் பார்த்தான். "அது... பழைய கதை. எங்கேயோ எழுதி வெச்சிருக்கேன்" என்றாள்.

மிசஸ் ஆக்ராய்ட் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைத் தொட்டு மற்றவர்களுக்கும் பரவியது. "முப்பது வருஷ ரோஜா மண்ணுல ரோஜாவாம்!" என்று ஒருத்தி சொல்ல, "அதுவும் பார்த்துப் பார்த்து!" என்றாள் இன்னொருத்தி. செயலாளர் அம்மாளின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிவரை போவதை எனிட் டீ ஜாடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், முழுசாகப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அத்தனை ருசியான காட்சியைப் பார்த்ததில்லை.

பிக்கர்ஸ்கில் எனிட்டின் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளில் இருந்த முள் கீறல்கள் அவருக்கு அறிமுகமானவை.

"ஒரே ஒரு கொழுந்து இன்னும் பச்சையா இருக்கு" என்றார். "அதுல துளிர்விடுற கண்ணு ரெண்டு தேறும். இன்னிக்கு அறுத்துட்டுப் போய்க் காட்டுரோஜாத் தண்டுல ஒட்டினா, இந்த ரகம் பிழைச்சுக்கும். நாள் கடந்தா அதுவும் கருகிடும். ஆனா உருவாக்கினவங்க பேரு எனக்கு சுத்தமா வேணும். ரெண்டு பேர் உரிமை கொண்டாடுற செடியைத் தொட்டுக் கோர்ட்டுப் படி ஏற எனக்கு வயசில்லை. நீங்க சொல்லுங்க, அம்மா. இது இவங்க உருவாக்கினதா?" என்று எனிட்டைக் கேட்டார்.

மார்ஜரி எனிட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, அதட்டலும் இருந்தது. ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் பதினேழு பிழைக்கும். மார்ஜரி என்ற பேரில், நாடு முழுக்க, ஒவ்வொரு வாசலிலும் பூக்கும்.

"இல்லை" என்றாள் எனிட்.

"அப்போ உங்களோடதா?"

"என் நிலத்துல இருக்கிறதை அவளுக்கு எப்படிக் குடுக்க முடியும்?" என்று மார்ஜரி இடையில் புகுந்து கத்தினாள். "யாரும் கை வெக்கக் கூடாது!"

கிழவர் கொழுந்தை அறுக்க எடுத்திருந்த கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டார். "பஸ் கிளம்பக் கால் மணி இருக்கு. நான் சபை வாசல் நிறுத்தத்துலதான் இருப்பேன். ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தா அந்தக் கொழுந்தை ஈரத்துணியில சுத்திக் கொண்டாங்க." தொப்பியைத் தொட்டு விடைபெற்றுப் போனார். சபைப் பெண்களும் கேக்கை முடித்துக்கொண்டு, ஆளுக்கொரு நமுட்டுச் சிரிப்போடு கிளம்பினார்கள். சாயங்காலத்துக்குள் ஆக்கன்ஷா முழுக்கத் தெரிந்துவிடும்.

வாசலில் மூன்று பேர் மிஞ்சினார்கள். மார்ஜரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தொப்பி சரிந்திருந்தது.

"தெரிஞ்சேதான் செஞ்சே."

"நீ சொன்ன இடத்துல வெச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்!"

"நீயும் அந்த ஃபாரத்துல ஒரு வார்த்தை மாத்தி எழுதியிருக்கலாம்."

மார்ஜரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடிப்பில்லை, நிஜமான அழுகை. அழுது, செடியைப் பார்த்து, மறுபடி அழுது, பிறகு எழுந்து வந்தாள். "சரி, போதும். நான் தோத்துட்டேன். அந்தப் பூ அழகா இருந்துச்சு, எனிட், எனக்கும்தான் அது சாகக் கூடாதுன்னு இருக்கு. வெட்டிக்கோ. உன் பேரையே வெச்சுக்கோ. ஓடு, பஸ் இன்னும் போகல. நான் தர்றேன்."

எனிட் மேலங்கிப் பையிலிருந்து ஒட்டுக்கத்தியை எடுத்தாள். பாத்தியருகே குனிந்தாள். கொழுந்து விரல் நீளம் இருந்தது. இரண்டு கண்கள், கிழவர் சொன்னதுபோல், ஒன்று நல்ல தடிப்பு. அறுக்க ஒரு நொடி. சபை வாசலுக்கு மூன்று நிமிஷ நடை. பதினோரு வருஷம். அவள் கை கொழுந்தைத் தொட்டுவிட்டது.

"நீ தர்றியா?" என்றாள் நிமிராமல்.

"தர்றேன்னுதானே சொல்றேன்! மனசார தர்றேன். எடுத்துக்கோ."

"என்னோடதை, நீ, எனக்குத் தர்றே."

"எனிட், இப்போ போய் வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதே. ஓடு!"

எனிட் நிமிர்ந்தாள். கத்தியை மடக்கினாள். மேஜைக்குப் போய்ச் சுத்தமான கோப்பை ஒன்றை எடுத்து டீ ஊற்றிக்கொண்டாள். சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று கரண்டி போட்டாள். நாற்காலியை வெயில் பக்கம் திருப்பி உட்கார்ந்து கலக்கினாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கிளிஃபர்ட் கத்தினான். அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். "உன் பதினோரு வருஷம்! அவளே குடுக்கிறேங்கிறா!"

"குடுக்கிறா. வருஷா வருஷம் அந்தப் பூவைப் பார்க்கிறப்போ எல்லாம், நான் குடுத்ததுன்னு சொல்லுவா. வாரா வாரம் டீ குடுத்ததைச் சொன்ன மாதிரி."

மார்ஜரி தானே பாய்ந்து கொழுந்தைக் கிள்ளப் போனாள். கண் நசுங்காமல் எப்படி அறுப்பது, எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. முள் குத்தி விரலில் ரத்தம் வந்தது. "சொல்லேன், எப்படி வெட்டணும்? எனிட், காலைப் பிடிச்சுக் கேட்கிறேன், சொல்லேன்!" என்றாள். சொல்ல அரை நிமிஷம் ஆகாது. எனிட் டீயை ஊதிக் குடித்தாள். தெருக்கோடியில் இன்ஜின் உறுமியது. பஸ் கியர் மாற்றி மேட்டில் ஏறுகிற சத்தம், பிறகு தேய்ந்து தேய்ந்து மலைத் திருப்பத்தில் நின்றுபோனது.

மார்ஜரி புதுக் கவுனோடு மண்ணில் உட்கார்ந்து, நசுங்கிய கொழுந்தைக் கையில் வைத்துக்கொண்டு விம்மினாள். எனிட் கோப்பையை வைத்துவிட்டு, வெளிக்கதவைத் திறந்து, கொக்கியை ஒழுங்காகப் போட்டுவிட்டு நடந்தாள். தபால் ஆபீஸ் திருப்பத்தில் நின்று, பையிலிருந்த ஒட்டுக்கத்தியைத் தொட்டுப் பார்த்தாள். பதினேழு செத்துவிட்டது. கொன்றது அவள்தான். நெஞ்சு வலிக்க வலிக்க அதற்காக வருத்தப்பட்டாள். மார்ஜரி அழுததைப் பார்த்த சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.